உடும்புகளுக்கு ஊர் கொடுத்த மூச்சு

தேரிக்கோட்டை உடும்புகள் என்ற கபடி அணி தேசிய லீக்கில் சேர்ந்த நாளிலிருந்து கடைசி இடத்தைப் பட்டா போட்டு வாங்கியதுபோல் வைத்துக்கொண்டிருந்ததும், உடும்பு என்று பேர் வைத்த முதலாளி பிடியை வைக்க மறந்துவிட்டார் என்று டீக்கடைதோறும் ஜனங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்து, பிறகு சிரிக்கவும் அலுத்துப்போனதும் எல்லாரும் அறிந்த சங்கதிதான். ஆனால் அந்த அணி எழுந்து நின்ற வருசம் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால் மைதானத்துக்குப் போய்ப் பிரயோஜனமில்லை. ரயில்வே கேட்டுக்கு இந்தப்பக்கம், வேப்பமரத்தை ஒட்டியிருக்கும் சுயம்புக்கனியின் மாவு மில்லுக்குத்தான் வர வேண்டும்.

சுயம்புக்கனி எதையும் ஏன், எதற்கு என்று கேட்காமல் விடாத பிறவி. தாலி கட்டும் நேரத்தில் மூன்று முடிச்சில் எது முதலில் தளரும் என்று கேட்டு ஐயரையே திணற வைத்தவள். புருசன் தவசிமுத்து அவளுக்கு நேரெதிர், மில் பெல்ட்டைத் தவிர எதுவும் அவன் வாயைத் திறக்க வைக்காது. தவசிமுத்துவின் தம்பி சிவனணைந்தான்தான் உடும்புகளின் ரெய்டர். ஊருக்கு அவன் அணைஞ்சான். காலில் மின்னல், கையில் நீளம், எல்லாம் இருந்தும் மூச்சு மட்டும் அவனுக்குக் குட்டை. எதிராளியின் கட்டத்துக்குள் ஒரே மூச்சில் கபடி கபடி என்று பாடிக்கொண்டே போய், யாரையாவது தொட்டுவிட்டு, பாட்டு அறுபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பினால்தானே புள்ளி? பாட்டு அறுந்தால் ஆள் அவுட். லீக்கில் ஒரு ரெய்டுக்கு முப்பது செகண்டு கொடுக்கிறார்கள், அணைஞ்சானுக்கு அதில் பாதியிலேயே தொண்டை அடைத்துவிடும்.

அந்த வருசத்து முதல் ஆட்டம் வடக்கே எங்கேயோ நடந்தது. சாயங்காலம். மில்லில் மாட்டியிருந்த டிவியில் அணைஞ்சான் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான். சுயம்புக்கனி அப்போது ஐந்து மாதம், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் மிளகாய் வத்தலை மிஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். வத்தல் அரைக்கும் மில்லில் நிற்பது என்றால் சும்மாவா? எத்தனை வருசம் பழகினாலும் தும்மாமல் தீராது. ஆனால் அன்றைக்கு மூக்கு அரிக்கவில்லை, தொண்டை கமறவில்லை, சிவப்புத் தூள் புகையாய் முகத்தில் அடிக்கிறது, ஒரு தும்மல் இல்லை. இதென்னடா கூத்து என்று அவள் யோசித்தபோதுதான் தெரிந்தது, அவள் மூச்சே விடவில்லை.

பதறவில்லை. பதற ஒன்றும் இல்லை. நெஞ்சு அடைக்கவில்லை, கண் இருட்டவில்லை. கடைக்குப் போன பிள்ளை இந்தா வந்துவிடும் என்று அம்மா அடுப்படியில் நிற்பதுபோல உடம்பு பாட்டுக்கு நின்றது. பக்கத்தில் மல்லி அரைக்க வந்த இரண்டு பெண்களும் அப்படியே நின்றார்கள். டிவியில் மட்டும் கபடி, கபடி, கபடி என்று அணைஞ்சான் பாடிக்கொண்டே இருக்கிறான், ஒருவனைத் தொடுகிறான், திரும்பவில்லை, இன்னொருவனைத் தொடுகிறான், அப்போதும் திரும்பவில்லை, மூலையில் நின்றவனையும் காலால் தட்டிவிட்டு, நேரம் முடியும் தறுவாயில் சாவகாசமாய் நடந்து வந்து கோட்டை மிதிக்கிறான். அவன் மிதித்ததும் மூச்சு திரும்பி வந்தது. வந்த மூச்சில் ரப்பர் விரிப்பின் வாசனையும், காலில் தேய்க்கிற தைலத்தின் நெடியும், இந்த ஊரில் யாரும் பொரிக்காத ஏதோ பலகாரத்தின் மணமும் இருந்தது. பிறகு மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் தும்மினார்கள்.

வேறு யாராய் இருந்தாலும் வேப்பிலை அடிக்கப் போயிருப்பார்கள். சுயம்புக்கனி உள்ளே ஓடி முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்து வந்து, அடுத்த ரெய்டுக்கு அணைஞ்சான் கிளம்பியதும் தவசிமுத்துவின் மூக்குக்குக் கீழே பிடித்தாள். கண்ணாடியில் ஆவி படியவில்லை. தவசிமுத்து ஏதோ திட்ட வாயைத் திறந்தான். மூச்சில்லாமல் பேச்சு எப்படி வரும்? கண்ணை மட்டும் உருட்டினான்.

"பாத்தீயளா, உங்க தம்பிதான் வாங்கிட்டுப் போறான்," என்றாள் அவள், மூச்சு வந்த பிறகு.

"எத?"

"நம்ம மூச்சத்தான். ஊர் மூச்சு முழுக்க."

தவசிமுத்து கண்ணாடியைத் தள்ளிவிட்டான். "சரி, திருப்பிக் குடுத்துட்டாம்லா," என்று சொல்லிவிட்டு பெல்ட்டை மாட்டப் போனான்.

ஊரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லிற்று. முதல் வாரம் கொஞ்சம் சலசலப்பு இருந்தது, பொய் சொல்ல முடியாது. பாதி ஜெபத்தில் பாட்டு நின்றதால் சர்ச்சில் பாடகர் குழு தங்களுக்குள் முறைத்துக்கொண்டது, கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் சீவாளியைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார், சந்தையில் மீன்காரியும் கறிக்காரரும் போட்ட சண்டை உச்சத்தில் ஊமையாகி, மூச்சு வந்தபோது எந்த வசவில் விட்டோம் என்பது இருவருக்கும் மறந்துபோயிற்று. அப்புறம் பழகிவிட்டது. ஆட்டம் இருக்கிற சாயங்காலம் அணைஞ்சான் கோட்டைத் தொட்டதும் நகராட்சி அலுவலகத்தில் சங்கு ஊத ஏற்பாடு செய்தார்கள். சங்கு கேட்டால் நடப்பவர் நின்றுகொள்வார், நிற்பவர் உட்கார்ந்துகொள்வார், பீடி பிடிப்பவர் புகையை நெஞ்சில் வைத்துக்கொண்டு பொறுமையாய் இருப்பார். வத்தல் அரைக்க வேண்டியவர்கள் ஆட்ட நாளாகப் பார்த்து வந்ததால் சுயம்புக்கனியின் மில்லில் வரிசை வேப்பமரத்தைச் சுற்றி வளைந்தது. குறட்டை விடுகிற புருசன்மாரின் பெண்டாட்டிகள் ஆட்டம் தினமும் நடக்காதா என்று ஏங்கினார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றால் மூச்சு போகாது, இந்தப்பக்கம் நின்றால் போகும் என்பதை சுயம்புக்கனியே போய் ஒரு காலை அங்கும் ஒரு காலை இங்கும் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். நடுவில் நின்றால் விக்கல் வந்தது. நகரத்திலிருந்து பெரிய டாக்டர்கள் கருவிகளோடு வந்து, சங்கு ஊதியதும் தங்கள் மூச்சும் போய்த் திரும்பியதைப் பார்த்து, எதுவும் எழுதாமல் ஆளுக்குக் கொஞ்சம் வத்தல்தூள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜனங்களுக்கு அதில் பிடித்துப்போனது வாசனைதான். ஆட்டம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் வாசனையோடு மூச்சு திரும்பும். கேட்டைத் தாண்டாத கிழவர்கள் எல்லாம், "இன்னைக்கு மழை பெஞ்ச ஊரு," "இது கரும்பு காய்ச்சுத ஊரு," என்று சொல்லிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்கள்.

உடும்புகள் அணி ஜெயித்துக்கொண்டே போனது. கடைசியில் கிடந்த பேர் மெல்ல மெல்ல மேலே ஏறி, அரையிறுதிக்குள்ளும் கால் வைத்தது. டீக்கடைக் கிண்டல்காரர்கள் உடும்புப் படம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, நான் அப்பமே சொன்னேனே என்றார்கள். அப்பமே சொன்னவர்கள் அந்த ஊரில் அத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் அணைஞ்சான் ஃபோனில் பேசினான். சுயம்புக்கனி விடுவாளா?

"ஏலே, எங்க மூச்சு உனக்கு எப்படி வருது? ஒண்ணா மொத்தமா வருதா, ஒவ்வொண்ணா வருதா?"

"ஒவ்வொண்ணா வருது மைனி. முதல்ல டீக்கடையில இருக்கவங்க மூச்சு, இஞ்சி வாசம். அப்புறம் கோயில் தெருப் பிள்ளைய, மிட்டாய் வாசம். வெத்தலை வாசம் வந்தா பாதி நேரம் போயிட்டுன்னு கணக்கு. எப்பமும் கடைசியா உங்க மூச்சு. வத்தக் காரம். அது வந்துட்டா திரும்பிரணும், அதுக்கு மேல ஊர்ல மூச்சு கிடையாது."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் ஃபோனை வைத்ததும் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. வயிற்றில் கை வைத்தாள். இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை நிறை மாதத்தில் எல்லாம் சரியாய்ப் பிறந்தது, கை கால் எல்லாம் அழகாய் இருந்தது, அழுகை மட்டும் இல்லை. நர்ஸ் எஸ்தர் தலைகீழாய்த் தூக்கித் தட்டியும் அழவில்லை. அந்தச் சத்தம் கேட்கும் கேட்கும் என்று காத்துக்கிடந்த நேரத்தை சுயம்புக்கனி யாரிடமும் சொன்னதில்லை, தவசிமுத்துவும் கேட்டதில்லை.

மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் எஸ்தரைப் பிடித்தாள்.

"எஸ்தரக்கா, வயித்துக்குள்ள இருக்க பிள்ளைக்கு மூச்சு உண்டுமா?"

"உள்ள ஏது பிள்ளே மூச்சு? எல்லாம் கொடி வழியாத்தான். வெளிய வந்து அழும் பாத்தியா, அதுதான் முதல் மூச்சு."

"அப்பம் அணைஞ்சானுக்கு இது இன்னும் மூச்சு குடுக்கல."

"குடுக்கல. ஊர்லயே குடுக்காத ஆளு இது ஒண்ணுதான்," என்று எஸ்தர் சிரித்தாள்.

சுயம்புக்கனி சிரிக்கவில்லை. "அக்கா, நம்ம மூச்சு போனா, போன இடத்துலேர்ந்து வீட்டுக்கு வழி தெரிஞ்சு வந்துருது. இது வெளிய வார நேரம் பாத்து அவன் பாடிக்கிட்டு இருந்தாம்னா, முதல் மூச்சே அங்க போயிரும்லா? இதுவரைக்கும் இந்த நெஞ்சுக்குள்ள இருந்தே பழகாத மூச்சு, எந்த வீட்டுக்குன்னு திரும்பி வரும்?"

எஸ்தரின் சிரிப்பு நின்றது. அந்தக் கேள்வி மறுநாளே ஊர் முழுக்கப் போனது, யாருக்கும் பதில் தெரியவில்லை. கோயிலிலும் தெரியவில்லை, சர்ச்சிலும் தெரியவில்லை, பள்ளிக்கூடத்திலும் தெரியவில்லை. பிரசவத்தைக் கேட்டுக்கு அந்தப்பக்கம், பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. நாள் குறித்திருந்தது இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் தள்ளி. அதனால் ஒரு பயமும் இல்லை என்றார்கள்.

உடும்புகள் இறுதி ஆட்டத்துக்குள் நுழைந்தபோது தேரிக்கோட்டைக்குக் கிறுக்குப் பிடித்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் பரமார்த்தலிங்கம் மைக்கைப் பிடித்து, அன்றைக்கு ஊரில் ஒரு மூச்சுகூடக் குறையக் கூடாது, பிழைக்கப் போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்து கேட்டுக்கு இந்தப்பக்கம் நிற்க வேண்டும் என்று அறிவித்தார். பஸ் பஸ்ஸாய் வந்து இறங்கினார்கள். கோயில் கொடை விழாவுக்குக்கூட அத்தனை கூட்டம் வந்ததில்லை. பரமார்த்தலிங்கம் மில்லுக்கும் வந்தார்.

"தங்கச்சி, உன்னப் போச் சொல்லத்தான் வந்தேன். பயமா இருந்தா இப்பமே கார் அனுப்புதேன். உன் ஒரு மூச்சு இல்லாட்டா ஒண்ணும் குடி முழுகிராது."

நல்ல மனுசன், மனசாரச் சொன்னார். போயிருக்கலாம். ஆனால் கடைசியாய்ப் போகிற மூச்சு அவளுடையது என்று அணைஞ்சான் சொல்லியிருந்தானே, அது வராவிட்டால் எப்போது திரும்புவது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதோடு, பொய் எதற்கு, அவளுக்குப் பார்க்கவும் ஆசை. ஜெயித்து வருகிற மூச்சில் என்ன வாசனை இருக்கும் என்று அறிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியாது. "ரெண்டு வாரம் கெடக்கே அண்ணாச்சி," என்றாள்.

இறுதி ஆட்டத்தன்று மத்தியானம் இட்லிக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் வலி எடுத்தது. தவசிமுத்து ஆட்டோ பிடித்தான், ஆட்டோ கேட்டை நோக்கிப் போனது, கேட்டுக்கு அந்தப்பக்கமிருந்து இந்தப்பக்கம் வருகிற பஸ்ஸும் வேனும் லாரியும் ரோட்டை அடைத்துக் கிடந்தன. மூச்சு கொடுக்க வந்த கூட்டத்தால் ஓர் ஆட்டோ வெளியே போக வழியில்லை. தவசிமுத்து இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினான். வழி விடுங்கடா என்று கத்தினான். எல்லாரும் விட முயன்றார்கள், விட இடமில்லை. வலி நெருங்கிவிட்டது. ஆட்டோவை ஊர் ஆஸ்பத்திரிக்கே திருப்பினார்கள். அணைஞ்சானுக்கு ஃபோன் போட்டுப் பார்த்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரிடமும் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்களாம்.

பிரசவ அறைக்கு வெளியே வராந்தாவில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தவசிமுத்து அதை அணைக்கப் போனான். "அணைக்காதீய," என்று உள்ளே இருந்து சுயம்புக்கனி கத்தினாள், "அவன் எப்பம் போறான்னு எனக்குத் தெரியணும்." ஒவ்வொரு சங்குக்கும் பல்லைக் கடித்தாள், வலியை உள்ளே பிடித்து வைத்தாள், பிடித்து வைக்கக் கூடியதா அது? சங்கு ஓய்ந்து மூச்சு வரும்போதெல்லாம், "இப்பம் வந்துரு ராசாத்தி, இப்பம் வந்துரு," என்று வயிற்றிடம் கெஞ்சினாள். பிள்ளை வரவில்லை.

கடைசி ரெய்டு. உடும்புகள் ஒரு புள்ளி பின்னால். சங்கு ஊதிற்று.

ஊர் நின்றது. எஸ்தர் மூச்சில்லாமல், வாயில்லாமல், கைகளால் மட்டும் வேலை செய்தாள். சுயம்புக்கனிக்குக் கத்தவும் மூச்சில்லை. கேட்டிலிருந்து கடைசித் தெருவரைக்கும் தேரிக்கோட்டையில் ஒரு சத்தம் இல்லை, கூடி வந்த அத்தனை ஆயிரம் பேரும் சுவரில் வரைந்ததுபோல் இருக்கிறார்கள், டிவிகளில் மட்டும் கபடி, கபடி, கபடி. அணைஞ்சான் ஒருவனைத் தொட்டான். இன்னொருவனைத் தொட்டான். திரும்பினான். நடுக்கோட்டுக்கு இன்னும் இரண்டு எட்டுதான். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பிறந்தது.

எஸ்தர் தூக்கினாள். பெண் பிள்ளை. வாயைத் திறந்தது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது, அழுகை இல்லை. சுயம்புக்கனி பார்த்தாள். அந்த நிறம் அவளுக்குத் தெரியும். அந்த அமைதி அவளுக்குத் தெரியும். ஐயோ என்று சொல்லக்கூட மூச்சில்லாமல் அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

வராந்தாவில் பாட்டு நின்றது.

கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கையில் அணைஞ்சான் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றுவிட்டான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. பிடிக்க வந்தவர்களே திகைத்துப்போனார்கள். நடுவர் விசிலை ஊதிக் கையைத் தூக்கினார், பாட்டு அறுந்தது, ஆள் அவுட், ஆட்டம் முடிந்தது.

பிள்ளை வீரிட்டு அழுதது.

ஊராரின் மூச்சு வந்து சேர இன்னும் ஒரு கணம் இருந்தது. அந்த ஒரு கணத்தில் தேரிக்கோட்டையில் மூச்சு விட்டது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அவ்வளவு பெரிய அமைதியில் அந்த அழுகை பஜாரில் கேட்டது, கோயில் தெருவில் கேட்டது, கேட்டருகே லாரி மேல் நின்றவர்களுக்கும் கேட்டது. பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு திரும்பிற்று. திரும்பிய மூச்சில் பட்டாசு வாசனையும் பூ வாசனையும் இருந்தது, எல்லாம் எதிர் அணிக்காரர்களுடையது.

"தோத்துட்டானே பாவி," என்றார் பரமார்த்தலிங்கம். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும்தானே கேட்டிருந்தது? கோப்பைக்கென்று கட்டி வைத்திருந்த ஆளுயர மாலையை நாலு பேர் தூக்கிக்கொண்டு வர, ஆஸ்பத்திரிக்கு வந்து அதை வாசல் கதவில் சாத்தி வைத்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாதவர்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ரெண்டு எட்டு, ரெண்டே எட்டு என்று டீக்கடைகளில் விரலைக் காட்டிக் காட்டிப் புலம்பியவர்கள் புலம்பிக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்களும் சாயங்காலமானால் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள்.

அணைஞ்சான் ஊருக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் தொட்டில் பக்கம் போய் நின்றான். சுயம்புக்கனிக்கு அழுகை வந்தது, ஆனாலும் கேள்விதான் முந்திக்கொண்டது.

"ஏலே, உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"இஞ்சி வந்துச்சு, மிட்டாய் வந்துச்சு, வெத்தலை வந்துச்சு. உங்க வத்தக் காரமும் வந்துட்டு. அத்தோட முடியணும்லா மைனி? அதுக்குப் பின்னால இன்னொண்ணு வந்துச்சு. சின்னது. ஒரு வாசமும் இல்ல. ஒரு சோறு, ஒரு தண்ணி, ஒண்ணுமே தொடாத மூச்சு. அத வச்சு ஒரு தடவ கபடின்னு சொல்லிருந்தா அது என் மூச்சாயிருக்கும்."

"ரெண்டு எட்டுதானல, தம்பி."

"ஆமா, ரெண்டு எட்டுதான்," என்றான் அவன். தோற்றதில் அவனுக்கு வருத்தம் இல்லை என்று யார் சொன்னது? உதட்டைக் கடித்துக்கொண்டு தொட்டிலை ஆட்டினான்.

அடுத்த வருசம் உள்ளூர் மைதானத்திலேயே முதல் ஆட்டம். சுயம்புக்கனி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தவசிமுத்து, பின்னால் பரமார்த்தலிங்கமும் மொத்த ஊரும். அணைஞ்சான் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான். சங்கு ஊதிற்று. பழக்கதோசத்தில் எல்லாரும் மூச்சு போகும் என்று காத்திருந்தார்கள்.

போகவில்லை. சுயம்புக்கனிக்கு வேர்க்கடலை மணத்தது, புழுதி மணத்தது, தவசிமுத்துவின் சட்டையில் வத்தல்தூள் மணத்தது. மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள். சூடாய்க் காற்று பட்டது. அணைஞ்சானுக்கும் அது தெரிந்துவிட்டது போலும், உள்ளே கால் வைக்குமுன் ஒரு தடவை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான், பிறகு தன் குட்டை மூச்சை நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்துக்கொண்டு, கபடி என்று கிளம்பினான்.

சுயம்புக்கனி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவளாகத்தான் பிடித்தாள். நெஞ்சு வலித்தது. பக்கத்தில் பார்த்தால் தவசிமுத்துவின் கன்னம் உப்பியிருந்தது. திரும்பிப் பார்த்தால் பரமார்த்தலிங்கம், எஸ்தர், மீன்காரி, கறிக்காரர், டீக்கடைப் புலம்பல்காரர்கள் என்று மைதானம் முழுக்க முகம் சிவந்து, கண் பிதுங்க, ஒருவர்கூட விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மடியில் இருந்த பிள்ளை மட்டும் சித்தப்பாவைப் பார்த்துக் கையைக் கொட்டி, மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.